மறுபக்கத்துச் சம்மதம்

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர் வேண்டாமுங்க, ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. டெய்லருங்க உக்காந்த ஸ்டூலுதான். இப்ப யாரு உக்கார்றாங்க, தூசிதான் உக்காருது. துடைச்சுக்கங்க, துணி அந்த மிஷின் மேல கெடக்குது பாருங்க.

உங்களுக்கு எந்த ஊருங்க? காங்கயமா. காங்கயத்துல எந்தப் பக்கம்? சரி சரி. அந்தப் பக்கம் நமக்கு ஒறம்பரை நெறைய இருக்குது. தோண்டித் துருவி விசாரிச்சா நீங்களும் எங்கயாச்சும் ஒறவுக்காரப் பொண்ணாத்தான் வருவீங்க.

நீங்க வாசல்ல நின்னு சொன்னது புரிஞ்சுதுங்க. மறுக்காச் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன், சரியான்னு மட்டும் பாருங்க. நாச்சிமுத்து கார்மெண்ட்ஸ், அது நான். வெள்ளிங்கிரி எம்பிராய்டரி, அது எந்தம்பி வெள்ளிங்கிரி. இந்த ரெண்டு கம்பெனிக்கும் நடுவுல என்ன உறவுன்னு சங்கத்துப் போர்ட்டல்ல போடோணும். ஒருத்தர் மட்டும் போட்டாப் பத்தாது. ரெண்டு பக்கமும் ஒண்ணையே போட்டாத்தான் அது உறவு. நான் ஒண்ணப் போட்டு வெச்சிருக்கறேன், அவன் வேற ஒண்ணப் போட்டு வெச்சிருக்கறான். ரெண்டும் பாதிபாதியா நிக்குது. அத முடிச்சு வைக்கத்தான் உங்களை இங்க தாட்டி விட்டிருக்கறாங்க. நான் வாயில சொல்றத நீங்க அந்த டேப்புல அமுத்தோணும். அவ்வளவுதானுங்களே?

ஒரு வார்த்தை சோலி. சொல்லீடலாம். டீ வரட்டும், சொல்லியுட்டிருக்கறேன்.

அவங்கிட்டப் போயிட்டுத்தான் வந்தீங்களா? காத்தாலயேவா? சரி. அவன் என்ன சொன்னான்னு நான் கேக்க மாட்டனுங்க. எனக்கெதுக்கு. நீங்களும் சொல்லாதீங்க.

இந்த அக்கப்போரெல்லாம் முன்ன ஏதுங்க. யாரு யாருக்கு என்ன உறவுன்னு ஊருக்கே தெரியும். நான் பனியன் தைக்கறேன், அவன் அதுல பூப் போடறான். என்ற கட்டிங் துணி ஆட்டோவுல அவன் யூனிட்டுக்குப் போகும், நெஞ்சுல மயிலு, யானை, என்னமோ ஒண்ணு போட்டு சாயங்காலம் திரும்பி வரும். அதுக்கு யாருகிட்டயாச்சும் சொல்லோணுமா? அப்பறந்தான் துணி வாங்கற வெளிநாட்டு பையருங்க ஆரம்பிச்சாங்க. இந்தத் துணிய எவன் தைச்சான், எவன் பூப் போட்டான், அவன் யாரோட ஆளு, இவன் யாரோட ஆளு. எல்லாம் போர்ட்டல்ல இருக்கோணும், இல்லாட்டி ஆர்டர் இல்லைன்னு சொல்லிப் போட்டாங்க. சங்கத்துல கூட்டம் போட்டு, எல்லாரும் வந்து பதியுங்கன்னாங்க. போனேன்.

அங்க கண்ணாடி போட்ட ஒரு சாரு. நல்ல மனுசன். கம்ப்யூட்டர என் பக்கமாத் திருப்பிக் காட்டி, மூணு வழி இருக்குதுங்கன்னாரு. ஒண்ணு, மேல் நிறுவனம் கீழ் நிறுவனம். ரெண்டாவது, இணை நிறுவனம். மூணாவது, ரெண்டும் ஒரே நிறுவனம். உங்களுக்கும் உங்க தம்பிக்கும் எதுங்கன்னாரு. நான் யோசிக்கவே இல்லீங்க. மேல நான், கீழ அவன், போடுங்கன்னேன்.

அந்தச் சாரு சொன்னாரு, அவரு சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன். "ஏனுங்க, உங்க பணம் அவரு கம்பெனியில இருக்குதுங்களா? உங்க பேர்ல லைசென்ஸ் இருக்குதுங்களா?" இல்லைன்னேன். "அப்ப இணைன்னு போடறதுதானுங்க மொறை. மேல்-கீழ்னு போட்டா, மேல இருக்கறவங்களுக்கு ஏதாச்சும் ஆர்டர் நிறுத்தம் வந்தாக் கீழ இருக்கறவங்களுக்கும் தானா வந்துரும். யோசிச்சுக்கங்க"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நமக்கு என்னங்க நிறுத்தம் வரப்போகுது.

நீங்களே சொல்லுங்க அம்மிணி. உங்கூட்டுல ஒரு பத்திரிகை அடிச்சா அண்ணன் பேரையும் தம்பி பேரையும் ஒரே வரியில போடுவீங்களா? அண்ணன் மேல, தம்பி கீழ. கோயில் நோம்பி, திருவிழாவுக்குப் பேனர் கட்டுனாலும் அப்படித்தான். எங்கப்பா போனப்ப அவன் டவுசர் போட்டுட்டு மூக்கு ஒழுகிட்டு நின்னான். நான் அடுத்தவங் கம்பெனியில டெய்லருக்குத் துணி கை மடிச்சுக் குடுத்து, அப்பறம் டெய்லராகி, அப்பறம் காண்ட்ராக்ட் எடுத்து, அவனப் படிக்க வெச்சேன். படிப்பு ஏறல. சரின்னு எம்பிராய்டரி மிஷின்ல விட்டேன். அது கையில ஒட்டிக்கிச்சு. கண்ணாலம் பண்ணி வெச்சேன். சீர் நான்தான் செஞ்சேன், அப்பன் நிக்கவேண்டிய எடத்துல நான்தான் நின்னேன். அவன் யூனிட் தொறந்த அன்னிக்கு வாசல்ல பேனர் கட்டியிருந்தானுங்க, இத்தாப் பெருசு என்ற போட்டோ, கீழ சின்னதா அவன் போட்டோ. நானா கட்டச் சொன்னேன்? அவனாக் கட்டுனான்.

அப்ப போர்ட்டல்ல மட்டும் எப்படிங்க பக்கத்துல பக்கத்துல நிக்கறது?

அன்னிக்கு மேல்-கீழ்னே அமுத்தியாச்சு. மறுபக்கத்துச் சம்மதம் வரோணும், அவரு போனுக்குச் செய்தி போயிருக்கும்னாரு அந்தச் சாரு. நான் வெளியே வந்து செருப்புப் போடறேன், போனு அடிக்குது. வெள்ளிங்கிரி. "ங்ணா, உங்க பேர்ல என்னமோ வந்துதுங்ணா. என்னன்னு பாக்கல, சரின்னு அமுத்திட்டேன். சாப்டீங்களா?" அவ்வளவுதான் பேசுனான். என்னன்னு பாக்கல பாருங்க. பாக்காமலே சரின்னு அமுத்தறதுக்கு எத்தனை தம்பிங்க இருக்கறாங்க இந்த ஊர்ல? நான் அந்த வெயில்ல சங்கத்து வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னேன். மனசு குளுந்து போச்சு. அதுக்கப்பறம் அந்த மாதிரி இருந்ததில்லீங்க.

டீ வந்துருச்சு. எடுத்துக்கங்க. சர்க்கரை உங்களுக்குப் போட்டிருக்குது, எனக்கு இல்ல. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். எனக்கு நாக்குல ஒண்ணும் தெரியறதில்லீங்க இப்பெல்லாம். சோத்துல உப்பு இருக்குதா இல்லையான்னு எங்கூட்டுக்காரி சரோசா மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். காலும் அப்படித்தான். போன மாசம் இங்க ஊசி குத்தி, உள்ளங்காலுல ஒடைஞ்சு நின்னுருக்குது, ரத்தம் தரையில பாத்துத்தான் தெரிஞ்சுது. மரத்துப் போச்சு. டாக்டர் சர்க்கரைங்கறாரு. சர்க்கரையாத்தான் இருக்கும்.

எங்க விட்டேன்? ஆ, நிறுத்தம்.

அந்த வருசம் கிறிஸ்மஸ் ஆர்டர். இந்த ஹால் பூராவும் மிஷினுங்க, ஆளுங்க. நீங்க உக்காந்திருக்கற எடத்துல நடக்கவே வழி இருக்காது. மத்தியானம் நான் ஒரு கண்ணால விருந்துக்குப் போயிருந்தேன். இங்க அயர்ன் டேபிள்கிட்ட ஒயரு புகைஞ்சிருக்குது. புகைதானுங்க. நெருப்புன்னு ஊரெல்லாம் சொன்னாங்க, நெருப்பெல்லாம் இல்ல. புகையப் பாத்து எல்லாரும் பின்பக்கத்துப் பொடக்காலிக் கதவுக்கு ஓடியிருக்கறாங்க, அதா, நீங்க பாக்கறீங்கல்ல, அந்தக் கதவுதான். அது பூட்டியிருந்துது.

பூட்டாம என்னங்க பண்றது? தொறந்து வெச்சா ஆளுக்கொரு பக்கம் டீக்குப் போறேன், போன் பேசப் போறேன்னு பொறத்தால எறங்கிர்றாங்க. சாவி எப்பவும் என்ற அரைஞாண்லதான் இருக்கும். நான் பந்தியில உக்காந்திருக்கறேன், சாவி எங்கூட உக்காந்திருக்குது. சன்னலை ஒடைச்சுட்டு எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. பேச்சியம்மான்னு ஒரு தெக்கத்திப் பொம்பளை, நல்லாத் தைக்கும், அதுக்குக் கண்ணாடி கையில இழுத்துருச்சு. ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் நான்தான் பாத்தேன். இப்ப அந்த வெரல் மடங்கறதில்லைங்கறாங்க. நான் போய்ப் பாக்கல. யாரும் சாகல அம்மிணி. ஒருத்தரும் சாகல. ஆனா ஒரு கொலை நடந்த மாதிரி வந்தாங்க.

பையரோட ஆளு ஒருத்தன் வந்து கதவையும் பூட்டையும் போட்டோ எடுத்தான். மறுநாள் போர்ட்டல்ல என்ற பேருக்கு நேரா சிவப்பு. நிறுத்தம். அந்தக் கதவை எடுத்துட்டு, உள்ள இருந்து தள்ளுனாத் தொறக்கற மாதிரிக் கதவு போட்டு, போட்டோ எடுத்து அனுப்புங்க, சிவப்பை எடுத்துருவோம்னாங்க. நான் போடல. ஏன் போடோணும்? இந்தக் கட்டடம் எழும்புனப்ப நானே நின்னு வெச்ச கதவு. நாளைக்கு இன்னொருத்தன் வந்து செவுத்தை இடிங்கும்பான். இடிச்சுக்கிட்டே இருக்கறதா? நான் என்ன திருடுனனா?

எனக்குச் சிவப்பு வந்த அன்னிக்கே அவனுக்கும் சிவப்பு. அவன் மிஷின்ல ஒரு நூல் கூட அறுந்திருக்காது. அவன் யூனிட்டுல நாலு பக்கமும் கதவு, நாலும் தொறந்தே கெடக்கும், அவன் அப்படித்தான். ஆனா மேல நான் இருக்கறேன், கீழ அவன். தானா எறங்கிருச்சு.

வந்தான். அன்னிக்குச் சாயங்காலமே வந்தான். நீங்க உக்காந்திருக்கற ஸ்டூல்லதான் உக்காந்தான். மொதல்ல என்னையத்தான் கேட்டான், "ங்ணா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு. அப்பறம் தலையக் குனிஞ்சுட்டே, "அந்தக் கதவை மாத்திட்டாச் சரியாப் போயிரும்ங்ணா. நானே ஆளக் கூட்டியாறேன், நீங்க நிக்கக்கூட வேண்டாம்"னான். நான் முடியாதுன்னுட்டேன். சரீங்ணான்னு போயிட்டான்.

மறுக்கா வந்தான். அப்ப அவன்கிட்டயும் ஆர்டர் எல்லாம் நின்னு போச்சு. எம்பிராய்டரி ஆளுங்க வேற எடத்துக்குப் போக ஆரம்பிச்சுட்டாங்க. கோகிலா, அதான் தம்பி பொண்டாட்டி, அவளும் கூட வந்தா. அவ உள்ள சரோசாகூட இருந்தா, இவன் இங்க. "ங்ணா, அந்த மேல்-கீழ எடுத்துட்டு இணைன்னு போட்டுரலாமுங்ணா. அப்படிப் போட்டா உங்க சிவப்பு எனக்கு வராதாமா. சங்கத்துல சொன்னாங்க. சும்மா பேருக்குத்தானுங்ணா"ன்னான்.

பேருக்குத்தான்! நீங்க படிச்ச பொண்ணு, உங்களுக்கு இது சாதாரணமாத் தெரியும். எனக்கு அப்படி இல்லீங்க. நான் கேட்டேன், "என்னைக்குடா நீ எனக்கு இணையான?" அவ்வளவுதான் கேட்டேன். வையல, அடிக்கல. எந்திரிச்சான். காப்பி குடிச்ச டம்ளரைக் கையோட கொண்டு போய் அந்தத் தொட்டியில கழுவிக் கவுத்து வெச்சான். கோகிலாவக் கூப்பிட்டுட்டுப் போயிட்டான். எங்கூட்டு டம்ளரை அவன் எப்பவும் கழுவுவான், சின்னதுல இருந்தே பழக்கம்.

இன்னொண்ணும் சொல்றேன், அவன் எப்படிப்பட்டவன்னு தெரியட்டும். அவனே எடுத்துருக்கலாமுங்க! ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம் விலகிக்கிட்டாப் போதும், உறவு அந்து போயிரும். அந்தக் கண்ணாடி சாரே அவனக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கறாரு, "ஏன் சாமி கஷ்டப்படறீங்க, நீங்களே அமுத்துனாப் போயிருமே"ன்னு. அதுக்கு இவன், "அண்ணன் போட்டத நான் எடுக்கறதுங்களா?"ன்னுட்டு வந்துட்டானாம். அந்தச் சாரே எங்கிட்டச் சொன்னாரு, தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. நான் சந்தோசப்பட்டேன். வளர்ப்பு அப்படி.

அந்தச் சீசன் பூராவும் அப்படியே இருந்தான். நானும் அப்படியே இருந்தேன். இங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. அங்க மிஷின் வித்தான். லாரியில ஏத்தி இந்த ரோட்டுலதான் கொண்டுபோனாங்க. நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன். தார்ப்பாய் சரியா மூடல, மிஷினோட ஊசித் தலையெல்லாம் வெளிய தெரிஞ்சுது. மழை வந்தாத் துருப் புடிக்குமேன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல.

நான் அந்தக் கதவை மாத்தீருக்கலாமேன்னு பாக்கறீங்களா? இல்ல? சரி. பாத்தமாதிரி இருந்துச்சு.

அப்பறம் ஒரு நாள் மத்தியானம். சாப்பிட்டுட்டிருக்கறேன், ரசஞ்சோறு. போன்ல ஒரு செய்தி. 'மறுபக்கம் உறவை விலக்கிக்கொண்டது.' சரோசா என்னங்கன்னா. ஒண்ணுமில்லைன்னேன். மிச்சச் சோத்தையும் சாப்பிட்டேன், மோரும் ஊத்திக்கிட்டேன். கை கழுவறப்ப, என்ன சாப்பிட்டேன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது. அன்னிக்குப் போனதுதானுங்க நாக்கு. சர்க்கரை அன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கும்.

அவன் அமுத்தல, கோகிலாதான் அவன் போனை எடுத்து அமுத்திட்டாள்னு சரோசா சொல்றா. இவ அங்க போய்வந்துட்டு இருக்கறா, எங்கிட்டச் சொல்றதில்ல, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அவன் அதுக்காவ பொண்டாட்டியோட பேசாம இருந்தானாம். யாரு அமுத்துனா என்னங்க? அவங்கூட்டுக் கை. ஒரே ஒரு வெரலு. நாப்பது வருசம் தோள்ல தூக்கி வளத்ததுக்கு ஒரு வெரலு.

இப்பச் சொல்லுங்க, யாரு யாரை அறுத்தது? நானா? நான் போட்டது போட்டபடியே இருக்குது. அன்னிக்கு ராவே மறுக்காவும் அனுப்புனேன். மேல நான், கீழ அவன். மறுபக்கத்துச் சம்மதம் இல்லைன்னு இன்னும் அப்படியே நிக்குது. அவன் அதுக்குச் சரியும் சொல்லல, வேண்டாங்கவும் இல்ல. அவன் பங்குக்கு ஒண்ணு அனுப்பி வெச்சிருக்கறான், இணைன்னு. நான் அதைத் தொடல. தொறந்து பாப்பேன், மூடிருவேன். காத்தால எந்திரிச்சதும் அதத்தான் பாக்கறது. அவன் பேரு அதுல இருக்குதுல்ல. அதுக்காவத் தொறக்கறதில்லீங்க, சும்மா, பழக்கம்.

போன் பேச்சே இல்ல. பொங்கலுக்கு அவன் புள்ளைங்க வந்தாங்க, கால்ல விழுந்தாங்க, போனாங்க. அவன் வரல. எனக்கொண்ணும் வருத்தமில்ல.

நீங்க சொல்றது கேக்குதுங்க. அவனுக்கு இப்பப் புதுசா ஒரு ஆர்டர் கெடைச்சிருக்குது. ரெண்டு மிஷின வெச்சு மறுக்காத் தொடங்கப் போறான். போர்ட்டல்ல அவன் பேரு சுத்தமா இருக்கோணும், பாதியில நிக்கற உறவு ஒண்ணும் இருக்கப்படாது. இணைன்னு சொன்னா அவனுக்குப் பச்சை. உறவே இல்லைன்னு சொன்னாலும் பச்சை. மேல்-கீழ்னு சொன்னா என்ற சிவப்பு இன்னும் அப்படியே இருக்கறதால, அந்த நிமிசமே அவனுக்கும் சிவப்பு. ஆர்டர் போயிரும். சரியாச் சொன்னனுங்களா? நீங்க ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. நான் ஒண்ணும் மந்தம் இல்ல.

உறவே இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா? இல்ல, நீங்க சொல்லல. நீங்க எதையும் சொல்லக்கூடாது, உங்க சட்டம் அது. சும்மா கேட்டேன்.

டீ ஆறுது பாருங்க.

சரி. நான் கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன். இருந்தாலும் ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். காத்தால அவன் என்ன சொன்னான்? இணைன்னு சொல்லியிருப்பான். இல்லாட்டி கோகிலா பின்னால நின்னுக்கிட்டு, உறவு கிறவு ஒண்ணும் இல்லைன்னு சொல்லச் சொல்லியிருப்பா. எதுங்க?

காட்டுங்க. அவன் கையெழுத்தா? அந்த டேப்புக் கண்ணாடியில வெரலுலயே போட்டானா? அவன் கையெழுத்துத்தான், வெள்ளிங்கிரியில கடைசிச் சுழியை அப்படித்தான் இழுத்து விடுவான். எனக்குக் கிட்டத்துல எழுத்துத் தெரியறதில்ல, நீங்க படியுங்க.

'அண்ணன் என்ன சொல்கிறாரோ, அதற்கு எனக்குச் சம்மதம்.'

மறுக்காப் படியுங்க.

கோகிலா பக்கத்துல இருந்தாளா? இருந்தாளா. என்ன பண்ணுனா? எந்திரிச்சு உள்ள போயிட்டாளா. சரி. அவன் எளைச்சிருக்கறானா? இல்ல, வேண்டாம்.

பாத்தீங்களா அம்மிணி? நான் சொன்னனா இல்லையா? இணைன்னு கேட்டது அவன் வாயிதான். மனசு அப்படியே இருக்குது, டவுசர் போட்ட பையனாட்டமே இருக்குது. அண்ணன் சொல்றதுதான். இத்தனை நாளா நான் தப்பா நெனச்சுட்டனே. எனக்கு இது போதும். எழுதிக்கங்க. மேல நாச்சிமுத்து கார்மெண்ட்ஸ். கீழ வெள்ளிங்கிரி எம்பிராய்டரி.

ஏன் கை நிக்குது?

சிவப்பு வரும். தெரியுமுங்க. வரட்டும். போன தடவையும் சிவப்பு வந்ததாலதான வந்தான்? இந்த ஸ்டூல்லதான உக்காந்தான்? பச்சையா இருந்தப்ப எங்க வந்தான், அவனுக்கு வேலை, எனக்கு வேலை. சிவப்பு வந்தா ஓடியாருவான். அப்ப நாங்க பேசிக்கறோம். கதவை மாத்தறதானாலும் மாத்திக்கறோம். அவன் வந்து கேக்கட்டும், மாத்தறேன். நானா எதுக்கு மாத்தோணும், யாருக்கு?

அவனே எழுதிக் குடுத்துட்டான், நான் வாயால சொல்லிட்டேன். உங்களுக்கு என்னங்க? நீங்க எழுதறவங்க. நீங்களும் ஒரு தடவ இல்ல, மூணு தடவ கேட்டாச்சு. அமுத்துங்க.

அமுத்தியாச்சா?

சரி.

என்ற போன்ல சத்தம் வந்துது பாருங்க. 'உறவு உறுதி செய்யப்பட்டது.' இத்தனை சீக்கிரமாவா? மறுபக்கத்துச் சம்மதம்னு ஒண்ணு வரோணுமே. அவனுக்குச் செய்தி போயி, அவன் சரின்னு அமுத்தி, அப்பறந்தான உறுதியாகும்? போன தடவ அப்படித்தானுங்க ஆச்சு. அவன் அமுத்திட்டு எனக்குக் கூப்பிட்டான். நான் செருப்புக்கூடப் போடல, அதுக்குள்ள கூப்பிட்டான்.

ஓ. காத்தால போட்ட கையெழுத்தே சம்மதமா? அவன் மறுக்கா ஒண்ணும் அமுத்த வேண்டியதில்லையா?

அப்ப எங்கிட்டக் கூப்பிட்டுச் சொல்றதுக்கு அவனுக்கு ஒண்ணும் இல்ல.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. கேட்டேன். நீங்க டம்ளரை அங்கயே வையுங்க, நான் கழுவிக்கறேன். அந்தப் பக்கம் எங்க போறீங்க? வண்டி பொடக்காலிச் சந்துல நிக்குதா? அந்தக் கதவு தொறக்காதுங்க. பூட்டியிருக்குது. சாவி இருக்குது, இங்கதான் இடுப்புல இருக்குது. நீங்க முன்வாசல்லயே எறங்கிச் சுத்திப் போயிருங்க, கொஞ்சந்தூரந்தான். வெயிலுக்குத் துண்டு கிண்டு போட்டுக்கங்க.

போறதுக்கு முன்னால ஒண்ணு பண்ணுங்க அம்மிணி. உங்க போன்ல இருந்து என்ற போனுக்கு ஒரு ரிங் குடுங்க. எடுக்க மாட்டேன், சும்மா குடுங்க. நம்பர் அந்த டேப்புலயே இருக்குமே, கம்பெனிப் பேருக்குக் கீழ.

ஆ, அடிக்குது. நல்லாத்தான் அடிக்குது. போன்ல ஒரு கோளாறும் இல்ல.